நாற்பது நிமிடமும் ஒரு கரண்டிப் பசையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மருமகள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இரவு ஏதோ புதுப்பிப்பு தானாக வந்து இறங்கியதாம். அதிலிருந்து கணினி திறக்கப் பதினைந்து நிமிடம் எடுக்கிறதாம்.

“மாமா, நீங்க கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்தவருதானே? உங்க காலத்துல இப்படியெல்லாம் ஆயிருக்கா?” என்று கேட்டாள்.

பதினைந்து நிமிடத்துக்கே இவ்வளவு துக்கமா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலை பார்த்த கணினி ஒன்றரை மாதம் தினமும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டுதான் கண்ணைத் திறந்தது. அதற்குக் காரணம் மைதா மாவுப் பசை. இதைச் சொன்னபோது மருமகள் நம்பவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

காரைக்காலில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதிந்துவைக்கும் அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பழைய ஆட்கள் அந்த அலுவலகத்தை இன்னமும் பிரெஞ்சு வழக்கில் ‘எத்தா சிவில்’ என்பார்கள். கோவில்பத்து வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சி போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பதிவேடுகள் மட்டும் போகவில்லை. யாராவது தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு நகல் கேட்டால், பிரெஞ்சில் இருப்பதைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே கையால் எழுதித் தரவேண்டும். வருடத்தை எண்ணில் எழுதக்கூடாது, முழுக்க எழுத்தில் எழுதவேண்டும். ஒரு வருடத்தை எழுதி முடிப்பதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிடும். பொருள் தெரியாமலேயே அழகாக எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. பிறகு பன்னிரண்டு வருடம் அதையே செய்தேன். அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் எங்களுக்கு ஒரு கணினி வந்தது. கணினி என்ற சொல் அப்போது எங்கள் வாயில் ஏறவில்லை, கம்ப்யூட்டர்தான். புதுச்சேரித் தலைமை அலுவலகத்தில் பத்து நாள் பயிற்சி என்றார்கள். யார் போவது என்று கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்த நேரம் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்ததால் குனிய முடியவில்லை. இப்படித்தான் காரைக்காலின் முதல் கணினி ஆட்களில் நானும் ஒருவன் ஆனேன்.

திறப்பு நாளில் குத்துவிளக்கு ஏற்றினோம், பங்குச் சாமியார் புனித நீர் தெளித்தார், பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் ஃபாத்திஹா ஓதினார். தண்ணீர் தெளித்தபோது நான் கணினியின் மேல் குனிந்து முதுகில் வாங்கிக்கொண்டேன். பத்து நாள் பயிற்சியில் நான் கற்றதில் முக்கியமானது, அந்தப் பெட்டிக்குத் தண்ணீர் ஆகாது என்பதுதான்.

இப்போது எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் ஞானப்பிரகாசம். காரைக்காலில் நல்ல கத்தோலிக்கக் குடும்பம், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஊரே அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். ஐயா என்பதற்கு அது பிரெஞ்சு மரியாதை. கசங்காத வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்புப் பென்சில் ஒன்று, நீலப் பென்சில் ஒன்று. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். மிகவும் கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். நாமாகப் புரிந்துகொண்டு நடுங்கவேண்டும்.

அவருக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, ஒழுங்கு. கணினியைத் திறப்பதற்கு அவர் வகுத்த முறையை என்னிடம் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். செருப்பை வாசலில் விடவேண்டும். தேங்காய்நார் மிதியடியில் இரண்டு காலையும் மும்மூன்று முறை துடைக்கவேண்டும். குளிர்சாதனத்தைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்கவேண்டும். வெல்வெட் உறையை எடுத்து நான்காக மடித்து வைக்கவேண்டும். ஸ்டெபிலைசரில் முள் இருநூற்று இருபதைத் தொட்டபிறகுதான் கணினியின் விசையைப் போடவேண்டும். உடனே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பம்?” என்பார். “எட்டு ஐம்பது முசியே” என்பேன். திரை தயாரானதும், “முடிவு?” என்பார். “எட்டு ஐம்பத்து மூணு.” இதையெல்லாம் ‘துவக்கப் பதிவேடு’ என்று ஒரு நீளமான புத்தகத்தில் எழுதவேண்டும். ஆரம்பம், முடிவு, எடுத்த நேரம், தாமதமானால் காரணம், என் சுருக்கொப்பம். கடைசியில் அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு குறி போடுவார். மூன்று நிமிடத்தில் கண் விழிக்கும் ஒரு பெட்டிக்கு இத்தனை சடங்கு எதற்கு என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

அவருடைய இன்னொரு சட்டம் வாசலில் கூப்பிடுவது. நகல் கேட்டு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் காத்தவராயனிடம் இருக்கும். காத்தவராயன் எங்கள் அலுவலக உதவியாளர். திருவேட்டக்குடி மீனவக் குடும்பம். கரையில் நின்று படகைக் கூப்பிட்டுப் பழகிய குரல் என்பதால் அவர் வாசலில் நின்று ஒரு பெயரைச் சொன்னால் எதிர்ச் சாரி டீக்கடையில் கண்ணாடி டம்ளர் அதிரும். ஆள் இல்லாவிட்டால் உடனே அடுத்த பெயருக்குப் போகக்கூடாது. டீக்கடையில் இருப்பார், கடைத்தெருவில் இருப்பார் என்று ஐந்தைந்து நிமிடம் விட்டு மூன்று தரம் கூப்பிடவேண்டும். மூன்றாவது தரமும் வராவிட்டால்தான் அடுத்த பெயர். நகலைக் கையில் கொடுத்ததும் பட்டியலில் பெயரை அடிக்கவேண்டும். பகல் பன்னிரண்டரைக்கு, அடிக்காமல் மிச்சமிருக்கும் பெயர்களை மறுநாள் பட்டியலில் ஏற்றவேண்டும். ஒரு மணிக்குச் சன்னல் சாத்தப்படும்.

மூன்றாவது சட்டம், சுற்றறிக்கை. தலைமை அலுவலகத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அன்றே அதைச் சுற்றறிக்கைப் புத்தகத்தில் பசை போட்டு ஒட்டிவிடவேண்டும். ஒருமுறை காற்றில் ஒரு காகிதம் பறந்துபோய் அவர் பட்ட பாட்டில் பிறந்த சட்டம் அது. பசை காய்ச்சுவது காத்தவராயன். மைதா மாவோடு, பூச்சி வராமலிருக்க மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சுவார். அந்தப் பசையால் ஒட்டினால் காகிதமும் புத்தகமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

கணினி வந்து ஒரு வருடம் ஆனபோது புதுச்சேரியிலிருந்து ஒரு பிளாப்பி வட்டும் இரண்டு காகிதங்களும் வந்தன. கணினியை எழுப்பி நடமாடவைக்கும் அடிப்படை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு. எல்லா அலுவலகங்களிலும் உடனே ஏற்றவேண்டும் என்று உத்தரவு. முதல் காகிதம் கடிதம். இரண்டாவது, எப்படி ஏற்றுவது என்று வரிசை எண் போட்டுச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் நகலெடுத்த குறிப்பு. முசியே குறிப்பை உரக்கப் படித்தார், நான் ஒவ்வொன்றாகச் செய்தேன், அவர் ஒவ்வொன்றுக்கும் நீலப் பென்சிலால் டிக் போட்டார். ஆறு எண்கள், ஆறு டிக். பழைய பதிப்பு இருந்த வட்டுகளையும் புதிய வட்டையும் உத்தரவுப்படி அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பினோம். காகிதங்களை நான் என் கையால் தாராளமாகப் பசை தடவி ஒட்டினேன். “நல்லா நாலு மூலையும் அழுத்துங்க லிங்கம்,” என்றார் முசியே. அழுத்தினேன்.

மறுநாள் காலை.

“ஆரம்பம்?”

“எட்டு ஐம்பது.”

திரையில் எண்கள் ஓடின. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, தயாராகும்வரை காத்திருக்கவும் என்று. காத்திருந்தோம். முசியே கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. வாசலில் கூட்டம் சேர்ந்தது. ஒன்பதரைக்குக் கணினி ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது.

“எடுத்த நேரம்?”

“நாற்பது நிமிஷம் முசியே.”

“காரணம்?”

எனக்கு என்ன தெரியும்? ஆனால் பத்து நாள் பயிற்சி பெற்றவன் தெரியாது என்று சொல்லலாமா? ஸ்டெபிலைசர் முள் கண்ணில் பட்டது. “மின்னழுத்தக் குறைவு,” என்றேன். அவர் தலையாட்டினார். எழுதினேன். அவர் சிவப்புக் குறி போட்டார்.

அதற்குப்பிறகு ஒன்றரை மாதம் தினமும் அதையே எழுதினேன். ஒரு பொய்யை எழுதி அதிகாரி குறியும் வாங்கிவிட்டால் அதை விட்டு இறங்குவது லேசில்லை. அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடல் காற்றில் உப்பு ஏறியிருக்கும் என்றார் ஒருவர். எறும்பு என்றார் இன்னொருவர். காத்தவராயன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கணினியின் தலையில் வைத்தார். முசியே அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லாதது என் அதிர்ஷ்டம். அணைக்காமலே விட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் உதடு மட்டும் அசைந்தது. சரி என்று நான் காலை எட்டு மணிக்கே போய்த் திறக்க ஆரம்பித்தேன். அதுவும் சரிப்பட்டது, மின்சாரம் போகாதவரை. நம் ஊரில் மின்சாரம் போகாமல் இருக்குமா? ஒருமுறை போனால் மறுபடியும் முதலிலிருந்து நாற்பது நிமிடம்.

இது வெறும் வேடிக்கையாக இருந்தவரை எனக்கு உறுத்தவில்லை. ஆரோக்கியமேரி வந்த பிறகுதான் உறுத்தியது.

முப்பது வயதிருக்கும். காரைக்கால் டவுன்தான். கணவர் பிரான்சில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. குழந்தை வயிற்றில் இருக்கும்போது போனவர். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. தாயும் பிள்ளையும் அங்கே போய்ச் சேருவதற்குப் புதுச்சேரியில், பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அதற்குக் கேட்ட காகிதங்களில் எல்லாம் இருந்தன, அவளுடைய அப்பாவின் பிறப்புப் பதிவு நகல் மட்டும் இல்லை. அப்பா சவரிமுத்து இறந்துவிட்டார்.

“எந்த வருஷம் பிறந்தாரும்மா?” என்று கேட்டேன்.

“தெரியலீங்களே. அவருக்கே தெரியாதுங்க. கேட்டா, ஒங்க பாட்டிக்குத்தான் தெரியும்னு சொல்லுவாரு.”

வருடம் தெரிந்தால் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். தெரியாவிட்டால் பெயர் அட்டவணை வேண்டும். காகித அட்டவணைகளைப் பூச்சி அரித்ததால் பைண்டிங்குக்குப் புதுச்சேரி அனுப்பிவிட்டோம். அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று தைரியம். ஆக, அவளுடைய அப்பா எந்த வருடம் பிறந்தார் என்பது இந்த உலகத்தில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் நாள் வந்தாள். அவள் முறை வருமுன் மின்சாரம் போனது, ஒரு மணிக்குள் கணினி எழவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் பெயர் பட்டியலில் நான்காவது. சன்னலுக்கு அருகில் வந்து சொன்னாள்.

“நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு நேர்காணல்ணே. இன்னிக்கு ஒண்ணே முக்கால் பஸ்ஸுக்குப் போனாத்தான் சரியா இருக்கும். இந்தத் தடவை விட்டா அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம். புள்ள போட்டோவுக்கு முத்தம் குடுக்குது, பாத்துக்கிட்டே இருக்க முடியலண்ணே.”

மூன்றாவது ஆளின் நகல் முடிந்தது. காத்தவராயன், “ஆரோக்கியமேரி!” என்றார். அவள் எழுந்தாள். மின்விசிறி நின்றது. திரை இருண்டது. மணி பத்து இருபது.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்சாரம் வந்தது. விசையைப் போட்டேன். அந்தப் பாழாய்ப்போன வரி வந்தது, தயாராகும்வரை காத்திருக்கவும் என்று. ஆரோக்கியமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘மின்னழுத்தக் குறைவு’ என்று நாற்பது நாள் எழுதிய கை கூசியது. முள் ஜம்மென்று இருநூற்று இருபதில் நின்றது.

அந்த இடைவெளியில், கணினி தேவைப்படாத பெயர்களைக் கூப்பிடச் சொன்னார் முசியே. காத்தவராயன் வாசலுக்குப் போனார்.

“குரும்பகரம் வீராசாமி!”

யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் நின்றார்.

“குரும்பகரம் வீராசாமி!”

வரவில்லை. மறுபடி நின்றார். எனக்கு எரிச்சல். “என்னங்க காத்தவராயன், அவருதான் இல்லையே, அடுத்த ஆளைக் கூப்பிடக்கூடாதா?” என்றேன்.

“அவரு எப்படி சார் இருப்பாரு? நேத்தே நகல வாங்கிட்டுப் போயிட்டாரு. பேரு அடிக்காம விட்டுப்போச்சு. லிஸ்ட்ல இருக்கறவரைக்கும் நான் கூப்புட்டுத்தானே ஆவணும்?”

நான் திரையைப் பார்த்தேன். தயாராகும்வரை காத்திருக்கவும். இத்தனை நாளும் கணினி தான் தயாராவதைத்தான் அப்படிச் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். அது இன்னொருவருக்காக அல்லவா காத்திருக்கிறது! இதனிடமும் எழுந்தவுடன் கூப்பிட ஒரு பட்டியல் இருக்கிறது, பயிற்சியில் காட்டினார்கள். அந்தப் பட்டியலில் வராத ஆள் ஒருவரின் பெயர் இருக்கிறது. கூப்பிடுகிறது, நிற்கிறது, மறுபடி கூப்பிடுகிறது.

முசியேயிடம் ஓடினேன். சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பெயரை அடிச்சுடலாம்னு சொல்றீங்க.”

“ஆமா முசியே.”

“பட்டியல் தலைமை அலுவலகத்துது. எழுத்துல உத்தரவு இல்லாம ஒரு எழுத்தைத் தொட முடியாது. சுற்றறிக்கைப் புத்தகத்தைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். கடிதத்தை முதலிலிருந்து படித்தார். நான் நூறு தரம் பார்த்த கடிதம். அதில் ஒரு வரியில் அவர் பென்சில் நின்றது. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்புக்குப் போனது. எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“லிங்கம், கடிதத்துல ‘ஒன்பது படிகளையும் தவறாமல் செய்க’ன்னு போட்டிருக்கு. இங்க ஆறுதான் இருக்கு. மிச்சம் மூணு எங்க?”

காகிதத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. நான்கு மூலையும் அழுத்தி ஒட்டியதாயிற்றே.

“பின்பக்கத்துல இருக்கும் முசியே...” என்றேன்.

“யாரு ஒட்டினது?”

“நான்தான் முசியே. அதுமட்டுமில்ல, மின்னழுத்தக் குறைவுன்னு எழுதினதும் பொய்தான். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு மூணு நாளா அலையுது முசியே.”

உதடு மட்டும் அசையும் என்று காத்திருந்தேன். அசையவில்லை.

“ஒட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பதில் சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது.

“நான்,” என்று அவரே பதில் சொன்னார். பிறகு எழுந்து நின்று, முதன்முறையாக எல்லோருக்கும் கேட்கும் குரலில், “காத்தவராயன்! டீக்கடையில கொதிக்கிற கெட்டில வாங்கிட்டு வாங்க!” என்றார்.

கெட்டில் வந்தது. மூக்கிலிருந்து வந்த ஆவியில் புத்தகத்தைக் காட்டி, நான் ஒரு பக்கமும் காத்தவராயன் ஒரு பக்கமும் பிடித்து உரித்தோம். தான் காய்ச்சிய பசை இவ்வளவு உறுதியானது என்று காத்தவராயனுக்கு உள்ளூரப் பெருமைதான், முகத்தில் தெரிந்தது. காகிதம் வந்தது, ஆனால் எழுத்து வரவில்லை. மை மொத்தமும் பசையோடு போய்ப் புத்தகத்தின் பக்கத்தில் அப்பிக்கொண்டிருந்தது, இடம் வலமாக.

“கண்ணாடி வேணும்,” என்றார் முசியே.

சன்னலுக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை நீட்டினாள். நேர்காணலுக்குப் போகும்போது முகம் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது. முசியே அதைப் புத்தகத்தின் மேல் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஏழாவது படி: வட்டில் உள்ள துவக்கப் பட்டியல் தலைமை அலுவலகக் கணினிக்காகத் தயாரித்தது. அதன் மூன்றாம் வரி, காந்த நாடாவில் நகலெடுக்கும் கருவியை அழைக்கிறது. அந்தக் கருவி இல்லாத அலுவலகங்கள் மூன்றாம் வரியை அழித்துவிடவும், தவறினால் துவக்கம் தாமதமாகும்.

எங்கள் அலுவலகத்தில் நாடா என்றால் கோப்பு கட்டுவதுதான்.

வட்டைத் தயாரித்தவர்கள் மற்ற அலுவலகங்களை நினைக்காமல் தங்கள் வீட்டு ஆள் பெயரை எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிட்டார்கள். பிறகு நினைவு வந்து, பின்பக்கத்தில் எச்சரித்தார்கள். அதை நாங்கள் பசை போட்டு மூடினோம். இரண்டு பக்கமும் தப்பு இருந்தது, ஆனால் அலைந்தது ஆரோக்கியமேரி.

பதினொன்றரைக்குக் கணினி திறந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, முதல்ல எங்கப்பா பேரைப் பாருங்கண்ணே,” என்றாள் அவள். கையைக் கூப்பியிருந்தாள்.

நியாயமான வேண்டுதல்தான். ஆனால் சவரிமுத்து என்ற பெயர் காரைக்காலில் ஒன்றா இரண்டா? தேடி எடுக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் மின்சாரம் போனால் மறுபடி நாற்பது நிமிடம், அதோடு கதை முடிந்தது. அந்த வரியை அழிக்க இரண்டு நிமிடம் போதும். நான் முசியேயைப் பார்த்தேன். இதற்கு விதி எதுவும் அவரிடம் இல்லை.

“ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். எட்டு வரி. மூன்றாம் வரியில் அந்த ஆள் இருந்தார். மூன்று என்ற எண்ணையும் அழி என்பதற்கான எழுத்தையும் தட்டினேன். பாதுகாத்துவை என்பதற்கான எழுத்தைத் தட்டினேன். பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது.

மின்சாரம் போய்விட்டது.

விளக்கு அணைந்த பிறகு மின்சாரம் போனதா, எரியும்போதே போனதா? எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியமேரி என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். என் வேலைக்காலத்தில் நான் பட்ட நேரங்களில் அதுதான் கொடியது. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. காத்தவராயன் சட்டப்படி மிச்சப் பெயர்களை மறுநாள் பட்டியலில் எழுதி ஏற்றினார்.

ஒன்றுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது மின்விசிறி சுற்றியது.

மிதியடி கிடையாது, பத்து நிமிடக் குளிர்சாதனம் கிடையாது, ஸ்டெபிலைசர் முள் இருநூறில் ஆடும்போதே விசையைப் போட்டேன். முசியே தடுக்கவில்லை. ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆரம்பம்?”

“பன்னிரண்டு நாற்பது.”

எண்கள் ஓடின. அந்த வரி வரவேண்டிய இடம் வந்தது. வரவில்லை. பெட்டி இரண்டு தரம் முனகியது, திரை பளிச்சென்று திறந்தது.

“முடிவு?”

“பன்னிரண்டு நாற்பத்து மூணு முசியே!” என்று கத்தினேன். காத்தவராயன் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். எதிரே டீக்கடையில் டம்ளர் விழுந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

பதினோரு சவரிமுத்துகள் வந்தார்கள். “பாட்டி பேரு என்னம்மா?” “ஞானம்மாங்க.” பதினோரு பேரில் ஞானம்மாள் பெற்ற சவரிமுத்து ஒரே ஒருவர். வருடமும் எண்ணும் கிடைத்தன. காத்தவராயன் பதிவேட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன். முசியே என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். அதிகாரி ஆனபிறகு அவர் நகல் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. உட்கார்ந்து, நான் இரண்டு வருடம் கற்ற அந்த நீள வருடத்தை ஒரே மூச்சில் எழுதினார். கடிகாரம் ஒரு மணி அடித்தது. சன்னலைச் சாத்த எழுந்த காத்தவராயனைப் பார்க்காமலேயே இடது கையால் உட்காரச் சொன்னார். ஒன்று பதினைந்துக்கு முத்திரை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஓடுங்கம்மா,” என்றார்.

அவள் ஓடினாள். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை நான் வந்தபோது துவக்கப் பதிவேடு என் மேசையில் திறந்து கிடந்தது. நாற்பது நாளும் நான் எழுதியிருந்த ‘மின்னழுத்தக் குறைவு’ ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் அடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் தன் அழகான கையெழுத்தில் ‘பசை’ என்று எழுதியிருந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பசை, பசை, பசை. கீழே தன் முழுக் கையொப்பத்தைப் போட்டிருந்தார். என் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்சாதனக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

கணினி மூன்று நிமிடத்தில் திறந்தது. ஒன்பதரை மணிக்குக் காத்தவராயன் பட்டியலோடு வாசலுக்குப் போனார். முதல் பெயரைப் படித்தார்.

“ஆரோக்கியமேரி!”

நாங்கள் நிமிர்ந்தோம். முந்தின நாள் பன்னிரண்டரைக்கு ஏற்றிய பெயர். பிறகு நடந்த அவசரத்தில் யாரும் அடிக்கவில்லை. நான் எழப்போனேன். முசியே விரலை உயர்த்தித் தடுத்தார். பட்டியலில் இருக்கும்வரை கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

ஐந்து நிமிடம் கழித்து, “ஆரோக்கியமேரி!”

யாரும் வரவில்லை. முசியே அந்த வட்டக் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு ஐந்து நிமிடம். காத்தவராயன் மூச்சை நன்றாக இழுத்து, புதுச்சேரிக்கே கேட்கட்டும் என்பதுபோல் மூன்றாம் தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. ஒரு ஆள் வராததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

முசியே கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், காத்தவராயன் கையிலிருந்த பட்டியலை வாங்கி, சிவப்புப் பென்சிலால் அந்தப் பெயரைத் தானே அடித்தார்.